ஒரு வயல் மட்டும் காய முடியாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லுக்குத் தண்ணீரைக் குறைத்துப் பாய்ச்சும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறை பற்றித் தங்கள் நாளிதழின் வேளாண் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். முறை நல்லது, நானும் செய்து பார்த்தேன். ஆனால் அந்தக் கட்டுரை கிணறும் மோட்டாரும் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. கல்லல், தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம் கண்மாயை நம்பி நெல் போடுகிறவர்கள் அதை எப்படிச் செய்வது என்று அதில் ஒரு வரி கூட இல்லை.

எனக்குக் கண்மாய்க்குக் கீழே இரண்டு ஏக்கர் நஞ்சை. எங்கள் ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலப்பரப்பில், வயலுக்கு வயல் தனி வாய்க்கால் கிடையாது. கண்மாய்க் கரையில் தண்ணீர் திறந்துவிடும் மடையிலிருந்து வருகிற தண்ணீர் முதல் வயலில் நிரம்பி, வரப்பு வாய் வழியாக அடுத்த வயலுக்கு இறங்கி, அப்படியே கடைமடை வரை போக வேண்டும். நான் நடுவில் இருக்கிறேன். என் வயலைக் காயவிட நான் நினைத்தாலும், என் வயலைத் தாண்டித்தான் கீழே உள்ளவருக்குத் தண்ணீர் போயாக வேண்டும்.

முறையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு அடி நீளமுள்ள, கை உள்ளே நுழையும் அகலமான பிவிசி குழாயின் கீழ்ப் பாதியில் துளை போட்டு, அந்தப் பாதியை வயலில் பதித்து, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். தரைக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பது அதில் தெரியும். 15 செ.மீ. இறங்கும் வரை பயிருக்கு ஒன்றும் ஆகாது, வேர் எட்டி எடுத்துக்கொள்ளும். பிறகு 5 செ.மீ. நிற்கப் பாய்ச்சினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கும் சமயத்திலும் மட்டும் காயவிடக் கூடாது. 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும் என்று பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது. சரளை கலந்த எங்கள் மேட்டு வயல்களில் அவ்வளவு கிடைக்காது, தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். பள்ளக்கால் வயல்களில் கிடைக்கும். களை கூடுதலாக வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையால் தள்ளிக் களையெடுக்கும் கோனோ வீடர் கருவியை ஓட்ட ஆள் இல்லாவிட்டால் சிரமம்தான்.

ஒரு ஏக்கரில் 5 செ.மீ. தண்ணீர் நிறுத்துவது என்றால் சுமார் 2 லட்சம் லிட்டர். ஆயக்கட்டு முழுவதும் ஒரு பாய்ச்சல் குறைந்தாலே கண்மாயில் எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

போன போகத்தில் மேல் வயல்காரரிடம், “அண்ணே, என் வயல்ல ஈரம் இருக்கு, நாலு நாள் வரப்பு வாயை அடைச்சு வையுங்க” என்று கேட்டேன். “இன்னைக்கு அடைச்சுட்டா, மடையை மறுபடி எப்பத் திறப்பாகன்னு உனக்குத் தெரியுமா ஆத்தா? வரும்போது நிறைச்சு வச்சுக்கிறதுதான் நமக்குப் பத்திரம்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த முறை எப்போது என்று தெரியாதவர் யாராக இருந்தாலும் வயலை நிறைத்துத்தான் வைப்பார். முறை வைத்துத் தண்ணீர் கிடைக்கும் என்ற உறுதி வந்தால்தான் மனிதன் வயலைக் காயவிடத் துணிவான். சொட்டுத் தண்ணீர் மிச்சம் என்று எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும், இந்த உறுதி இல்லாமல் கண்மாய்ப் பாசனத்தில் அது நடக்காது. நான் சொல்ல வந்தது இதுதான்.

அந்த உறுதியைக் கொடுத்துக்கொண்டிருந்தவர் நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பார்ப்பதும், கரையில் ஓட்டை விழுந்தால் ராத்திரியில் ஓடுவதும் அவர் வேலை. களத்தில் நெல் அளக்கும்போது அவருக்கும் அளப்பார்கள். எங்கள் மடையின் நீர்பாய்ச்சிக்கு வயதாகிவிட்டது, அவர் பிள்ளைகள் திருப்பூரில் இருக்கிறார்கள். அறுவடை எந்திரம் வயலிலேயே நெல்லை வண்டியில் கொட்டிவிட்டுப் போகிறது. களத்தில் அவருக்கு அளப்பது அதோடு நின்றது. இப்போது அவரவர் வந்து மடையைத் திறக்கிறார்கள், அடைக்கத்தான் ஆள் இல்லை. கார்த்திகையில் மழை கொட்டும்போது கூட மடை திறந்து கிடந்து, தண்ணீர் கடைமடையைத் தாண்டி ஓடையில் போய் விழுகிறது. தை மாதம் கதிர் பால் பிடிக்கும்போது கண்மாயில் சேறுதான். அப்போது ஒரே ஒரு பாய்ச்சல் இல்லாமல் பதராகிப்போன வயல்களை வருடா வருடம் பார்க்கிறேன். வயிறு எரிகிறது.

மழையும் முன்பு போல் இல்லை. சிவகங்கை மாவட்டத்துக்கு வருடச் சராசரி ஏறக்குறைய 900 மி.மீ., அதில் அதிகம் பெய்வது ஐப்பசி, கார்த்திகையில்தான். 2016இல் தமிழகத்துக்கு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்துபோனது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும் என்கிறார்கள். அதனால் பெய்தால் மொத்தமாகப் பெய்கிறது, பிறகு நெடுநாள் காய்கிறது. மொத்தமாக வருவதைக் கண்மாயில் பிடித்துவைத்து அளந்து விடுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. வயல் எப்போதும் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் மண்ணில் காற்று இல்லாமல் மீத்தேன் வாயு உண்டாகி மேலே போகிறது, இடையில் காயவிட்டால் அது குறைகிறது. ஆக, மடையை அடைப்பது எங்கள் வயிற்றுக்கும் நல்லது, ஊர் உலகத்துக்கும் நல்லது.

இந்தப் பகுதியின் பெரிய வீடுகளில் ஓட்டுச் சரிவில் விழும் மழையை முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்தார்கள். தெருவில் ஓடிய மழைநீருக்கும் ஊருணிக்குப் போக வழி வைத்துத்தான் ஊரையே கட்டினார்கள். அந்த வீடுகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். வீட்டுக்குச் செய்த அந்தக் கவனத்தை வயலுக்கும் செய்த ஊர்தான் இது.

தூர்வாருவது, சீமைக்கருவேலை அகற்றுவது, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஆக்கிரமிப்பு பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அதெல்லாம் தேவைதான். புஞ்சைக்குச் சொட்டுநீர் மானியம் இருக்கிறது, சிறு, குறு விவசாயிக்கு முழுவதுமே அரசு தருகிறது. கண்மாய் நஞ்சைக்குத்தான் அப்படி ஒன்றும் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். பயிற்சியை ஆளுக்கு ஆள் தராமல் மடைக்கு மடை தாருங்கள். ஒரு மடையில் பாயும் எல்லா வயல்காரர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, மேல், நடு, கடை என்று மூன்று இடத்தில் குழாய் பதித்து, அதைப் பார்த்து முறை வைக்கச் சொல்லுங்கள். நீர்பாய்ச்சிக்கு மாதச் சம்பளம் தாருங்கள். பெரிய கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும் 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பதால், இரண்டு பக்கமும் சேர்ந்துதான் இதைச் செய்ய முடியும். பாசன சபைகளுக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. செட்டிநாட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அவர்களுக்கு எங்கள் மண் தெரியும்.

ஆவணிக் கடைசியில், காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைக்கும் புழுதி விதைப்பு தொடங்கிவிடும். அதற்கு முன்பே ஒரே ஒரு மடையில் தொடங்கினாலும் போதும். எங்கள் மடையில் தொடங்குவதாக இருந்தால் மேல் வயல் அண்ணனைச் சம்மதிக்கவைக்கும் பொறுப்பு என்னுடையது.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயி ஒருத்தி,
கல்லல் வட்டாரம், சிவகங்கை மாவட்டம்.