நீ அனுப்பிய மணிக்கூடு

அன்பின் மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வானலைச் சிக்னலைப் பிடித்துத் தானே நேரத்தைத் திருத்தி, அதை ஒளியால் சுவரில் காட்டுகிற மணிக்கூட்டை ஜெர்மனியிலிருந்து அனுப்பினாயே, அந்தப் பொதி போன கிழமை உடைவு நெரிவு ஒன்றும் இல்லாமல் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். கண் ஒப்பரேசன் செய்ததிலிருந்து இரவில் எழும்பி எழும்பி நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், இப்போது படுத்தபடியே சுவரில் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுக்கிறார். "தம்பி என்னை மறக்கேல்லை" என்று வாற போற ஆட்களுக்கெல்லாம் சொல்லுகிறார்.

போனில் சொல்லி முடிக்கிற விசயமில்லை என்பதால்தான் எழுதுகிறேன். உன் மருமகனும் கனடாக்காரரும் இதே மாதிரியான மணிக்கூடுகளை ஊருக்கு அனுப்பப் போவதாகச் சொன்னாய். அனுப்பும்போது இந்தக் கடிதத்தையும் அவர்களுக்குக் காட்டு.

பொதியோடு வந்த கையேட்டில் ஜெர்மன் மொழிப் பக்கங்கள்தான் கூட. பற்றரியைப் போட்டவுடன் திரையில் வானொலிக் கோபுரப் படம் மினுங்கத் தொடங்கியது. சின்னவன் "பழுது மாமா" என்று சொல்லிவிட்டான். பழுதில்லை. அது உங்கள் நாட்டுச் சிக்னலைத் தேடுகிறது. பிராங்ஃபேர்ட்டுக்குத் தென்கிழக்கே மைன்ஃபிளிங்கன் என்ற இடத்தில் இருக்கும் டிசிஎஃப்77 என்ற வானொலி நிலையம், 77.5 கிலோஹேர்ட்ஸ் நெட்டலையில் நேரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பிரவுன்ஷ்வைக்கில் இருக்கிற அளவியல் நிறுவனத்தின் அணுக் கடிகாரங்கள்தான் அந்த நேரத்துக்கு ஆதாரம். ஆனால் அந்த அலை நம்பிக்கையாக எட்டுவது ஏறக்குறைய 2000 கிலோமீற்றர் வரைக்கும்தான். வன்னி அதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு தூரம். அமெரிக்காவில் கொலராடோவிலிருந்தும், இங்கிலாந்தில் கம்பிரியாவிலிருந்தும், யப்பானில் இரண்டு மலைகளிலிருந்தும், சீனாவிலிருந்தும் இதே வேலைக்கு அலை அனுப்புகிறார்கள். அதனால் கனடாக்காரர் அங்கே வாங்குவது கொலராடோ அலைக்குச் செய்ததாக இருக்கும். அதுவும் இங்கே பிடிக்காது. இலங்கையில் இப்படி ஒரு நெட்டலை நிலையம் இல்லை.

ஆகவே இங்கே செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தத் தேடலை நிற்பாட்டுவது. கோபுரப் படம் போட்ட பொத்தானை அந்தப் படம் மறையும் வரைக்கும் அமத்திப் பிடித்தேன். விட்டால் ஒவ்வொரு இரவும் எழும்பித் தேடும், பற்றரிதான் வீணாகும். பிறகு நேரத்தைக் கையால் வைத்தேன். நேர வலயத்தை மாற்றி வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இந்த மணிக்கூட்டில் வலயம் முழு மணித்தியாலமாகத்தான் கூடும், குறையும். கிறீன்விச் நேரத்தை விட ஐந்தரை மணித்தியாலம் முந்தி நிற்கிற எங்களுடைய நேரத்துக்கு அதில் இடமில்லை. வலயத்தைப் பூச்சியத்தில் விட்டுவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்து, செக்கன் பூச்சியத்துக்கு வரும்போது பொத்தானை அமத்தினேன். குவாட்ஸ் மணிக்கூடு என்பதால் மாதத்தில் சில செக்கன் முந்தும், பிந்தும். மாதத்துக்கு ஒருக்கால் பார்த்துச் சரிசெய்தால் காணும். 24 மணித்தியாலக் கணக்கை 12க்கு மாற்றினேன். 16:30 என்று காட்டினால் அம்மாவுக்கு விளங்காது.

அந்த அரை மணித்தியாலம் எனக்குப் பழைய காலத்தை ஞாபகப்படுத்திவிட்டது. 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டைச் சொல்லிக் கொழும்பில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னால் எடுத்தார்கள். 2006 சித்திரையில்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தார்கள். அந்தப் பத்து வருடமும், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் நாங்கள் பழைய நேரத்திலேயே இருந்தோம். நீ போன பிறகு, 2002இல் யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்த காலத்தில், இராணுவப் பக்கமான வவுனியாவில் பத்து மணி என்றால் எங்கள் பக்கமான புளியங்குளத்தில் ஒன்பதரை. யாரையும் "எத்தனை மணிக்கு வாறாய்?" என்று கேட்டால் அடுத்த கேள்வி "பழைய நேரமோ, புது நேரமோ?" என்பதுதான். பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை என்று நினைக்கிறார்கள். யுத்தத்தால் வன்னிக்குப் பற்றரி கொண்டுவரத் தடை இருந்த நாட்களில் நீயும் நானும் மாறி மாறிச் சைக்கிள் பெடலைச் சுத்தி, டைனமோ கரண்டில் ரேடியோ கேட்டதையும் அவர்கள் நம்புவதில்லை. இரவு 9.15க்குப் பிபிசி தமிழோசை தொடங்கினால் உன் அப்பா சுவர் மணிக்கூட்டின் முள்ளைத் திருத்துவார். வானலையில் வாற நேரத்தைப் பார்த்து மணிக்கூட்டைத் திருத்துவது எங்களுக்குப் புதிசில்லை, மச்சான். இப்போது அந்த வேலையை மணிக்கூடு தானே செய்கிறது, அவ்வளவுதான்.

உன்னுடைய வீட்டு மணிக்கூடு சிக்னல் பிடிக்குதில்லை என்று சொன்னாயே, அதற்கு வருகிறேன். உள்ளே இருப்பது எங்கள் பழைய ரேடியோக்களில் இருந்த அதே பெரைற் தடி ஏரியல், கம்பி சுத்திய கறுப்புத் தடி. தடியின் பக்கவாடு நிலையத்தைப் பார்க்க வேண்டும், நுனி பார்க்கக் கூடாது. பெரும்பாலும் தடியை மணிக்கூட்டின் அகலப்பாட்டில்தான் வைப்பார்கள். ஆகவே மணிக்கூட்டின் முகமோ முதுகோ பிராங்ஃபேர்ட் பக்கம் இருக்கிற மாதிரித் திருப்பி வை. ரீவி, கொம்பியூட்டர், போன் சார்ஜர், எல்ஈடி விளக்கு எல்லாவற்றிலிருந்தும் இரண்டு மீற்றராவது தள்ளி, யன்னலுக்குப் பக்கத்தில் வை. கொங்கிறீற்றுக் கம்பி நிறைந்த நடு அறைக்குள் அலை குறைவாகத்தான் வரும். மணிக்கூட்டோடு வந்த அடப்டரே சில வேளை இரைச்சல் கொடுக்கும், அதனால் முதல் தரம் பற்றரியில் மட்டும் விட்டுப் பார்.

பிறகு பொறுமை வேண்டும். அந்த நிலையம் ஒவ்வொரு செக்கனின் தொடக்கத்திலும் அலையின் வலுவைக் குறைக்கும். 0.1 செக்கன் குறைத்தால் பூச்சியம், 0.2 செக்கன் குறைத்தால் ஒன்று. 59ஆவது செக்கனில் குறைக்காமல் விடும். அதை வைத்துத்தான் அடுத்த நிமிடம் எங்கே தொடங்குகிறது என்று மணிக்கூடு கண்டுபிடிக்கிறது. நிமிடம், மணி, திகதி எல்லாம் வந்து சேர ஒரு முழு நிமிடம் செல்லும். நடுவில் ஒரு துடிப்புக் கெட்டாலும் திரும்பவும் முதலிலிருந்துதான். அது தேடும்போது பொத்தான்களைத் தொடாதே, பத்து நிமிடம் விடு. பகலில் பிடிக்காவிட்டால் இரவு தானாகப் பிடிக்கும். இரவில் அலை தூரம் போகும், வீட்டு இரைச்சலும் குறைவு. மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் நேரம் மாறுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். எனக்கும் உனக்கும் இடையில் கோடையில் மூன்றரை மணித்தியாலம், குளிரில் நாலரை. அம்மாவுக்கு இனிமேல் கோல் எடுக்கும்போது அதை மறந்துவிடாதே.

ஒளியைச் சுவரில் விழுத்துவதற்குத்தான் இங்கே கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் தட்டையான வெள்ளைச் சீலிங். எங்கள் வீடு ஓட்டு வீடு, மேலே பார்த்தால் சிலாகையும் ஓடும்தான். அதில் விழுந்த எழுத்து ஒன்றும் தெரியவில்லை. அதனால் ஒளி வரும் தலையை அம்மாவின் கால்மாட்டுச் சுவருக்குத் திருப்பினேன். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் என்பதால் சிவப்பு எழுத்துப் பளிச்சென்று விழுந்தது. தலைகீழாக வந்த எழுத்தைத் திருப்ப ஒரு பொத்தான் இருக்கிறது. மங்கலைத் தீர்க்கத் தலையின் பக்கத்தில் இருக்கிற சின்னச் சில்லைச் சுத்த வேண்டும். மணிக்கூட்டைச் சுவரிலிருந்து தள்ளத் தள்ள எழுத்துப் பெருக்கும், ஆனால் மங்கும். இரண்டு மீற்றர் அளவில் அம்மாவுக்குக் கண்ணாடி போடாமலே தெரிகிறது. நுளம்பு வலை நடுவில் வந்தால் ஒளி வலையில் விழுந்து சிதறும், ஆகவே மேசை வலைக்கு வெளியே.

சின்னவன் ஒளி வரும் தலையின் கண்ணாடிக்குள் கண்ணை வைத்துப் பார்க்கப் போனான். உடனே தடுத்துவிட்டேன். ஒளி வரும் துளைக்குள் கிட்ட வைத்துப் பார்க்கவே கூடாது, அம்மாவின் முகத்துக்கு நேரே திருப்பவும் கூடாது. இதை அவனுக்கு விளங்கப்படுத்தி, மணிக்கூட்டைக் கை எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன்.

இனிக் கரண்ட். இதைத்தான் அனுப்புகிற எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட், அதில் பிரச்சினை இல்லை. பிளக்தான் பொருந்தாது. உங்கள் அடப்டரில் இருப்பது மெல்லிய இரண்டு உருண்டைக் கால். இங்கே சதுரக்கால் பொயின்ற். அதன் மேல்துளைக்குள் போல் பென்னையோ ஈர்க்கையோ குத்தி, உள்ளே இருக்கிற மூடியைத் திறந்து, உருண்டைக் காலைச் செருகுவது எங்கள் ஆட்களிடம் பழக்கமாகிவிட்டது. என் திருத்துக் கடைக்கு வாற கருகின பொயின்ற் கனக்க அப்படித்தான். கால் மெல்லிசு, பிடிமானம் இல்லை, ஆடும். ஆடினால் பொறி பறக்கும், சூடேறும், பிளாஸ்ரிக் உருகும். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்றை விட மனம் வரவில்லை. பியூஸ் உள்ள நல்ல மாற்றுப் பிளக் ஒன்று வாங்கிப் போட்டேன். ஊருக்கு அனுப்புகிறவர்கள் அதையும் சேர்த்தே அனுப்பினால் புண்ணியம்.

அடப்டரை மாற்றவும் கூடாது. இதனுடையது 5 வோல்ட். ரவுட்டர் அடப்டரின் முனை இதற்குள் அளவாகப் போகும், ஆனால் அது 12 வோல்ட். பக்கத்து வளவுத் தம்பி தன்னுடைய மேசை மணிக்கூட்டுக்கு அப்படிச் செருகி, இரண்டு நிமிடத்தில் புகைந்த பிறகு என்னிடம் கொண்டுவந்தான். திறந்தபோது கப்பாசிற்றர் வெடித்து, பலகையில் ஒரு விரலளவு கறுத்துப் போயிருந்தது. ஒன்றும் செய்ய ஏலாமல் போய்விட்டது. உன்னுடைய அடப்டரில் சிவப்பு நகப்பூச்சால் "அம்மா மணிக்கூடு" என்று எழுதிவிட்டேன். அது தலையணைக்குக் கீழேயும் போகக் கூடாது, துணியாலும் மூடக் கூடாது. வேலை செய்யும்போது சூடாவது இயல்பு, அந்தச் சூடு வெளியேற வேண்டும்.

ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் வன்னியில் மின்னல் எப்படி விழும் என்று உனக்குத் தெரியும். முழக்கம் தூரத்தில் கேட்கும்போதே அடப்டரைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். தலைக்கு மேல் வந்த பிறகு பிளக்கைத் தொடக் கூடாது. கழற்றினாலும் உள்ளே பொத்தான் பற்றரி இருப்பதால் நேரம் அழியாது. சுவரில் ஒளி மட்டும் இருக்காது.

அந்தப் பொத்தான் பற்றரி சீஆர்2032. மூடியில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கிறது. அதை இறுக்கியே வைக்க வேண்டும் என்பதை எத்தனை தரம் சொன்னாலும் தகும். பிள்ளைகள் விழுங்கினால் தொண்டைக்குக் கீழே ஒட்டி, இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே தசையை எரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். தீர்ந்த பற்றரிக்கும் இதே ஆபத்து உண்டு, குப்பையில் எறியாமல் ரேப்பால் சுத்திப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன்.

அலாரம் இரண்டு வைக்கலாம். ஒன்று அம்மாவின் காலைக் குளிசைக்கு. மற்றது என் தம்பிக்கு. சிறுபோக நெல்லுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், எங்கள் வயலுக்கு முறை வருவது நடுச்சாமத்துக்குப் பிறகு. முறையைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும் வரைக்கும் வயல் காயும். மெதுவாகத் தொடங்கி உரக்கிற சத்தம் என்பதால் அம்மா திடுக்கிடுவதில்லை, தம்பி எழும்பிவிடுகிறான்.

வேறென்ன? வட்டக்கச்சி ரோட்டைத் திரும்பப் போடுகிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்து மாமரம் இந்த முறை நல்ல காய். கடையில் ரேடியோ திருத்த வாறவர்கள் அருமை, சார்ஜரும் சோலர் விளக்கும்தான் வருகின்றன. இந்த மணிக்கூட்டைத் திறந்து பார்க்காமலே அதற்குள் பெரைற் தடி இருக்கிறதென்று சின்னவனுக்குச் சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று உனக்குத்தான் விளங்கும்.

வைகாசியில் வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாய். திகதி முடிவானவுடன் எழுது, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் ஒழுங்குசெய்ய வேண்டும். வரும்போது மாற்றுப் பிளக் நாலைந்து கொண்டு வா, இங்கே நல்லதாகக் கிடைப்பது குறைவு. உன் மணிக்கூடு சிக்னல் பிடித்ததா, எந்தப் பக்கம் திருப்பியபோது பிடித்தது என்பதையும் மறக்காமல் எழுது.

அம்மாவின் ஆசீர்வாதத்துடன்,
உன் பழைய கூட்டாளி