கிளைக்குள் நடப்பதுதான் பண்பாடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிறுவனப் பண்பாடு வலுவாக இருந்தால் கண்காணிப்பே வேண்டாம், ஊழியர்கள் தாங்களாகவே சரியாக நடந்துகொள்வார்கள் என்று சொல்லும் உங்கள் கட்டுரையைப் படித்தேன். பண்பாடு மனிதர்களை மாற்றும் என்பது உண்மைதான். எந்தப் பக்கம் மாற்றும் என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியைப் பாருங்கள். நேர்மை, வாடிக்கையாளர் நலன் என்றெல்லாம் அழகாக அச்சடித்து ஊழியர்களுக்குக் கொடுத்த வங்கி அது. ஆனால் கிளைக்குள் நடந்தது வேறு. ஒரு வாடிக்கையாளர் தலையில் எட்டு சேவைகளையாவது கட்டிவிட வேண்டும் என்பது இலக்கு, அதற்குத் தினமும் டார்கெட், எட்டாதவர்களுக்கு மேலிடத்திலிருந்து ஓயாத நெருக்கடி. கடைசியில் வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்கு திறக்கும் அளவுக்குப் போனார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தபோது, முந்தைய ஐந்து ஆண்டுகளில் சுமார் 5,300 பேரை வங்கி இதற்காக வேலையை விட்டு நீக்கியிருந்தது தெரியவந்தது. ஐயாயிரம் பேரும் பிறவியிலேயே ஏமாற்றுக்காரர்களா என்ன? அந்த இடம் அவர்களை அப்படிப் பழக்கியது. அப்போது வங்கியின் தலைமை அதிகாரியாக இருந்த ஜான் ஸ்டம்ப் மீது தனிப்பட்ட அபராதமும், வங்கித் துறையில் பணியாற்றத் தடையும் வந்தது 2020ல்தான்.

நானும் வங்கியில் இருந்தவன்தான். 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று ஆண்டு விழாவில் பேசிய அதே வாய், மறுநாள் காலை போனில் "இன்ஷூரன்ஸ் எத்தனை பிடிச்சீங்க?" என்று மட்டும் கேட்கும். ஊழியன் எதைக் கேட்டு நடப்பான், சொல்லுங்கள்.

நல்ல உதாரணமும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலை, வேலைக்கு மட்டம், ஓயாத தகராறு என்று பெயர் கெட்டு 1982ல் மூடப்பட்டது. 1984ல் டொயோட்டாவும் சேர்ந்து நும்மி என்ற பெயரில் அதைத் திறந்தபோது வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், தொழிற்சங்கமும் அதேதான். குறை கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து கார் தயாரிக்கும் லைனையே நிறுத்தலாம் என்றார்கள், நிறுத்தினால் டீம் லீடர் உதவிக்கு ஓடி வந்தார், திட்டவில்லை. அப்புறம் 1988ல் விற்பனை படுத்தபோதும் யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல் பயிற்சியில் உட்கார வைத்தார்கள். மட்டம் போடுவது வெகுவாகக் குறைந்தது, காரின் தரமும் உயர்ந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் கயிறு அல்ல, இழுத்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது நிறுவனத் தலைவர்களின் பேட்டியோடு நிறுத்திவிடாதீர்கள். தப்பான டார்கெட்டை முடியாது என்று மறுத்த ஊழியருக்கு அந்த வருடம் இன்கிரிமென்ட் வந்ததா என்றும் விசாரித்து எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
தஞ்சாவூர்