கொம்பின் அங்குலத்துக்கு விலை வைக்காதீர்கள்: தெற்கு டெக்சாஸ் பண்ணை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பண்ணை உரிமையாளர்களுக்கும் வனவிலங்கு மேலாளர்களுக்கும்,

வணக்கம். சான் அன்டோனியோவுக்குத் தெற்கே ரியோ கிராண்டே ஆறு வரை விரிந்து கிடக்கும் முட்புதர்க் காட்டில் பல்லாயிரம் ஏக்கர் நிலத்தைக் கட்டிக் காத்துவரும் உங்களிடம், அந்நிலத்தில் கட்டணம் செலுத்தி வெண்வால் மான் வேட்டையாடுகிறவன் என்ற முறையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஆண்மானுக்கு அதன் கொம்பின் அங்குலக் கணக்கில் விலை வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, மானின் வயதை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட ஒற்றைக் கட்டணத்துக்கு மாறுங்கள். ஹூஸ்டனிலும் டல்லாஸிலும் வாழும் தமிழர்களில் சிலர் வேட்டை உரிமம் பெற்று உங்கள் பண்ணைகளுக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களும் படிக்க வேண்டும் என்பதால் இதைத் தமிழில் வெளியிடுகிறேன், ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியே வந்து சேரும்.

டெக்சாஸ் நிலப்பரப்பில் ஏறத்தாழ 95 விழுக்காடு தனியாருக்குச் சொந்தமானது. ஆனால் அந்நிலத்தில் திரியும் காட்டு விலங்குகள் மாநில மக்களின் உடைமை என்று மாநிலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே நீங்கள் விற்பது உங்கள் வேலிக்குள் வந்து வேட்டையாடும் அனுமதியைத்தான், மானை விற்கவில்லை. மாநில அரசு உங்களை நம்பித்தான் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வெண்வால் மான்களின் நலனில் பெரும்பகுதியை விட்டுவைத்திருக்கிறது. கிழக்கிலும் நடுப்பகுதியிலும் நிலம் சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. அங்கே ஒருவர் சுடாமல் விட்ட இளமானை அடுத்த நிலத்துக்காரர் சுட்டுவிடுவார். அதனால்தான் 2002-இல் ஆறு மாவட்டங்களில் தொடங்கி, சுடப்படும் ஆண்மானின் கொம்புகளுக்கு இடையே உட்புற அகலம் 13 அங்குலம் இருக்க வேண்டும், அல்லது ஒரு பக்கக் கொம்பாவது கிளைவிடாமல் இருக்க வேண்டும் என்ற விதியை அரசு கொண்டுவந்து, பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு விரிவாக்கியது. உங்களில் பெரும்பாலோர் மீது அப்படியொரு விதி இல்லை. 1853-இல் தொடங்கி இன்று 8,25,000 ஏக்கர் பரப்புடன் நிற்கும் கிங் பண்ணையைப் போன்ற பெருநிலங்களில், பிறந்த ஆண்மானை ஆறு வயது வரை வளரவிட உரிமையாளர் ஒருவர் மனம் வைத்தாலே போதும். நிலத்தின் பரப்பு உங்களுக்குக் கொடுத்திருக்கும் இந்த வாய்ப்பை அங்குலக் கட்டணம் வீணாக்குகிறது என்பதே என் முறையீடு.

1887-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க வேட்டைக்காரர் அமைப்பான பூன் அண்ட் கிராக்கெட் கழகத்தின் முறைப்படி, முதன்மைத் தண்டுகளின் நீளம், கிளைகளின் நீளம், தண்டின் சுற்றளவுகள், உட்புற அகலம் ஆகியவற்றை அளந்து கூட்டி, மொத்தத்தை அங்குலத்தில் சொல்கிறார்கள். அந்த அளவை ஒரு பதிவாக வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பு இல்லை. அதையே விலைப்பட்டியலாக்கி, 140 வரை ஒரு தொகை, 150-ஐத் தாண்டினால் இன்னொரு தொகை என்று படிப்படியாக ஏற்றும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. ஆண்மானின் கொம்பு ஆண்டுதோறும் குளிர்காலத்தின் பின்பகுதியில் உதிர்ந்து, வசந்தத்தில் மீண்டும் முளைக்கிறது. உடல் வளர்ச்சி முடிந்த பிறகே உணவின் சத்து கொம்புக்குத் தாராளமாகப் போகிறது என்பதால், ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் அது தன் உச்சத்தை எட்டுகிறது. மூன்றரை வயதிலேயே நல்ல கொம்பு வைத்திருக்கும் மான் எதுவோ, அதுதான் விலைப்பட்டியலில் முதலில் சிக்குகிறது. இன்னும் மூன்று ஆண்டுகள் விட்டிருந்தால் அந்தக் காட்டின் மிகச் சிறந்த மானாகியிருக்கக்கூடியது, இடைப்பட்ட விலையில் போய்விடுகிறது. அதே நேரத்தில் ஏழு வயதைக் கடந்து, பல் தேய்ந்து, கொம்பும் இறங்குமுகமாகிவிட்ட கிழமானை விருந்தினர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வேட்டையால் எடுக்கப்பட வேண்டியது நிற்கிறது, நிற்க வேண்டியது சாய்கிறது.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது, மரபணுவைச் சீராக்குவதாகச் சொல்லி இளமான்களைக் கழித்துக்கட்டுவது. ஒரு பண்ணையில், மூன்று வயதுகூட நிரம்பாத எட்டு கிளை மான் ஒன்றைக் காட்டி, இது தேறாது, குறைந்த விலைக்குத் தருகிறேன், சுடுங்கள் என்று வழிகாட்டி வற்புறுத்தினார், நான் மறுத்துவிட்டேன். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் பழமொழி, ஆனால் காட்டில் வாழும் ஆண்மானின் கொம்புக்கு அது பொருந்துவதில்லை. வனவிலங்கு ஆய்வாளர்களான பென் கோயர்த்தும் ஜேம்ஸ் க்ரோலும் தெற்கு டெக்சாஸில் காட்டு மான்களைப் பிடித்து அடையாளமிட்டு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை வயதில் சிறிய கொம்போடு இருந்த மான்கள் நாலரை வயதுக்குள் மற்றவற்றை எட்டிப் பிடித்துவிட்டதைக் காட்டினார்கள். தாமதமாகப் பிறந்த குட்டிக்கும், மழை பொய்த்த ஆண்டில் பால் குறைந்த தாயிடம் வளர்ந்த குட்டிக்கும் முதல் கொம்பு சிறியதாகத்தான் இருக்கும். கெர் வனவிலங்கு மேலாண்மைப் பகுதியில் 1970-களில் தொடங்கிய ஆய்வுகள் வேறு முடிவைச் சொன்னது உண்மையே. ஆனால் அவை வேலிக்குள் ஒரே வகை உணவில் வளர்க்கப்பட்ட மான்களைக் கொண்டு நடந்தவை. கிங்ஸ்வில்லில் உள்ள சீசர் கிளெபெர்க் வனவிலங்கு ஆய்வு நிறுவனத்தார் கமான்சி பண்ணையில் பல ஆண்டுகள் தீவிரமாகக் கழித்துப் பார்த்தும் கொம்பின் அளவு உயரவில்லை, ஆண்மான்களின் எண்ணிக்கைதான் சரிந்தது. காரணமும் புரியாததல்ல. முதிர்ந்த ஆண்கள் நிறைய இருக்கும் காட்டிலும் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய குட்டிகளுக்கு ஒன்றரை, இரண்டரை வயது மான்களே தந்தை. ஒரே ஒரு பெரிய மான் எல்லாப் பெண்மான்களையும் தன்வசப்படுத்துவதில்லை. கொம்பே இல்லாத தாயும் பாதி மரபைத் தருகிறாள், அவளுடையதை எவராலும் பார்த்துத் தேர்ந்தெடுக்க இயலாது. போதாக்குறைக்கு, தாழ்வேலியுள்ள நிலத்தில் இளம் ஆண்கள் பிறந்த இடத்தை விட்டுப் பல கிலோமீட்டர் போய்விடுகின்றன.

வயதை உயிரோடு இருக்கும் மானில் எப்படிக் கண்டுபிடிப்பது, அங்குலமாவது அளந்து பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். மான் சாயும் முன்னர் அங்குலத்தையும் எவரும் அளப்பதில்லை. புதரை வெட்டித் திறந்த நேர்வழியான செண்டேரோவின் மறுமுனையில் மக்காச்சோளத்தைத் தின்ன வந்து சில நொடிகள் தலைநிமிரும் மானின் கொம்பை ஊகிக்கத்தான் செய்கிறார்கள். உடலைப் படிப்பது அந்த ஊகத்தைவிட எந்த வகையிலும் கடினமானதல்ல. இரண்டரை வயதில் கால்கள் உடலுக்குப் பொருந்தாத நீளத்தோடும் கழுத்து மெலிந்தும் தெரியும். மூன்றரையில் மார்பு ஆழமாகிவிட்டாலும் இடுப்பு ஒடுங்கி, வயிற்றுக்கோடு மேலேறியிருக்கும். ஐந்தரையைத் தாண்டினால் கழுத்து எங்கே முடிந்து மார்பு எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாது. வயிறு மார்போடு ஒரே கோட்டில் தொங்கும், கால்கள் குட்டையானவை போலத் தோன்றும், பின்னங்காலின் உட்புறச் சுரப்பி கறுத்துக் கீழ்நோக்கி வழிந்திருக்கும். டிசம்பரில் இணைசேரும் பருவம் உச்சத்தில் இருக்கும்போது கழுத்து வீங்கி இளமானும் முதிர்ந்ததுபோல ஏமாற்றும் என்பதால், அக்டோபரிலேயே எடுத்த கேமராப் படங்களை வைத்து ஒவ்வொரு மானையும் முந்தைய ஆண்டுகளின் படங்களோடு ஒப்பிடுவதே நம்பத் தகுந்த வழி. உங்கள் மேலாளர்களில் சிறந்தவர்கள் இதைத்தான் செய்கிறார்கள், அவர்களுடன் மறைவிடத்தில் அமர்ந்திருந்து கற்றதே என் வேட்டை வாழ்வின் பெரும் மகிழ்ச்சி.

சுட்டபின் கீழ்த்தாடையைப் பார்த்துச் சொல்லும் வயதை மட்டும் நம்பி வழிகாட்டியைத் தண்டிக்க வேண்டாம். 1949-இல் வனவிலங்கு ஆய்வாளர் செவெரிங்ஹாஸ் நியூயார்க்கில் வகுத்த பல் தேய்மான முறை, பாற்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் இரண்டு வயதளவு வரை உறுதியானது. அதற்குமேல் மண்ணின் மணலும் தீவனத்தின் கடினமும் தேய்மானத்தை மாற்றிவிடுகின்றன. ஐந்தரை என்று நினைத்தது நாலரையாக முடிந்தால் அதை நேர்மையான பிழையாக ஏற்று, படத்தையும் தாடையையும் சேர்த்துவைத்து அடுத்த பருவத்தில் கண்ணைத் தீட்டிக்கொள்வதே முறை. விருந்தினர் விசையில் விரல் வைத்த பிறகும் வேண்டாம் என்று தடுக்கும் உரிமை வழிகாட்டிக்கு இருக்க வேண்டும், அப்படித் தடுத்ததால் அவருடைய கூலி குறையக் கூடாது. அங்குலத்துக்கு ஏற்பக் கழிவுத்தொகை பெறும் வழிகாட்டியிடம் இந்தத் துணிவை எதிர்பார்ப்பது அநியாயம்.

வருமானம் குறையும் என்ற உங்கள் அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. மழை பொய்த்துக் கால்நடை வருமானம் சரிந்த ஆண்டுகளில் மான் வேட்டைதான் பல பண்ணைகளைக் கடனிலிருந்து காத்தது, அந்த வருமானத்தால்தான் மெஸ்கீட் மரங்களும் சப்பாத்திக்கள்ளியும் நிறைந்த அந்தக் காடு துண்டுபோடப்படாமல் நிற்கிறது. ஐந்தரை வயதுக்கு மேற்பட்ட எந்த மானுக்கும் ஒரே தொகை என்று அறிவித்தால், அதிகபட்சத் தொகை கொடுப்பவர் சிலரை இழக்கலாம். ஆனால் சுட்ட பிறகு அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு நடக்கும் தகராறு ஒழியும்; கொம்பு சிறுத்த கிழமானுக்கும் ஆள் கிடைக்கும்; நாலைந்து பருவங்களில் காட்டில் முதிர்ந்த மான்களின் எண்ணிக்கை கூடும்போது அந்த ஒற்றைக் கட்டணத்தையே நீங்கள் உயர்த்திக்கொள்ளலாம். பெண்மான் வேட்டைக்கும் கூடுதல் இடம் கொடுங்கள். தனியார் நில மான் மேலாண்மைத் திட்டத்தில் சேர்ந்த பண்ணைகளுக்குப் பிப்ரவரி இறுதி வரை பருவம் நீள்கிறது; மேய்ச்சலைத் தின்று தீர்க்கும் உபரிப் பெண்மான்களை அந்நாட்களில் எடுத்து, இறைச்சியைப் பசித்தோருக்கு வழங்கும் அமைப்புகளிடம் சேர்ப்பிக்க முடியும்.

பெரிய கொம்புக்கான இந்த வெறி இன்னொரு கேட்டையும் அழைத்துவருகிறது. வளர்ப்பு மான்களை விலைக்கு வாங்கி எட்டடி வேலிக்குள் விடும் வியாபாரம் அங்குல மோகத்தால்தான் தழைத்தது. 2012-இல் மேற்குக் கோடியில் மியூல் என்னும் வேறு வகை மான்களிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட, ஆங்கிலத்தில் ‘குரோனிக் வேஸ்டிங் டிசீஸ்’ எனப்படும் மூளை நலிவு நோய், 2015-இல் மெடினா மாவட்டத்து வளர்ப்பகம் ஒன்றில் வெண்வால் மான்களிடம் தென்பட்டது. பிரியான் என்னும் புரதத்தால் பரவும் அந்நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் சுட்ட மான்களின் மாதிரியைச் சோதனைக்குக் கொடுங்கள், வெளியிலிருந்து மானைக் கொண்டுவராதீர்கள்.

வரும் நவம்பரில் தொடங்கும் பருவத்துக்கான கட்டணப் பட்டியலை நீங்கள் கோடையிலேயே தயாரித்துவிடுவீர்கள் என்பதை அறிவேன். இந்த ஆண்டுப் பட்டியலில், உங்கள் நிலத்தின் ஒரு மேய்ச்சல் பகுதியிலாவது அங்குல வரிசையை நீக்கி வயது வரிசையை இட்டுப் பாருங்கள். அப்படிச் செய்யும் பண்ணையின் முன்பதிவில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளலாம். ஐந்தரை வயதை எட்டிய எந்த மானை நீங்கள் காட்டினாலும், அதன் கொம்பு எப்படியிருப்பினும், முழுத் தொகையையும் தர நான் அணியமாக இருக்கிறேன்.

மிகுந்த மதிப்புடன்,
உங்கள் நிலத்தில் வேட்டையாடும் தமிழன் ஒருவன்