புரொப்பல்லர் பில்லில் இரண்டு எண்களை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண்ணெண்ணெய் போதவில்லை, மானியத்தில் கிடைப்பது மாசக் கடைசிவரை வரவில்லை என்று எங்கள் கரைக்காரர்கள் சொல்வதை உங்கள் பத்திரிகையில் அவ்வப்போது படிக்கிறேன். உண்மைதான், நானும் அதைச் சொல்கிறவன்தான். ஆனால் அந்த எண்ணெயில் ஒரு பங்கை, வள்ளத்துக்குப் பொருந்தாத புரொப்பல்லர், அதாவது எஞ்சினுக்கு அடியில் தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறி, சும்மா குடித்துவிடுகிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை, அதனால் இந்தக் கடிதம்.

நான் நீரோடிக்காரன். இந்தப்பக்கம் தமிழ்நாட்டின் கடைசிக் கரை, நாலு எட்டு வைத்தால் பொழியூர், கேரளம். எங்களுக்கு எஞ்சின் சாமான் வாங்க இந்தப்பக்கம் ஒரு கடை, அந்தப்பக்கம் ரெண்டு கடை, எது பக்கமோ, எவன் கடன் தருவானோ அங்கே போவோம். என் 15 எச்பி எஞ்சினில் கூடவே வந்த புரொப்பல்லர் 9¼ x 9. அதன் நடுவில் இருக்கிற ரப்பர் புஷ் போன பிறகு வேறு வாங்கப் போனேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, "அண்ணா, இது போட்டா வள்ளம் பறக்கும்" என்றார். 9¼ x 11. அந்த எண்களை நான் பார்க்கவே இல்லை, பார்த்திருந்தாலும் அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. சும்மா ரெண்டு பேர் ஏறிக் கரையோரமாக ஓட்டிப் பார்த்தோம், பறந்ததும் உண்மை. மச்சான் கைதட்டினான்.

மறுநாள் வலை, ஐஸ் பெட்டி, ரெண்டு எண்ணெய் கேன், நாலு ஆள் ஏற்றிப் போனபோது தெரிந்தது கதை. கைப்பிடியை முழுசாகத் திருகினாலும் எஞ்சின் "ம்ம்ம்" என்று அடித்தொண்டையில் முனகுகிறதே தவிர, வள்ளத்தின் மூக்கு இறங்கவே இல்லை. மேட்டில் டாப் கியரில் லாரி ஏற்றுகிற மாதிரி. சரி, புது சாமான், ஓட ஓடச் சரியாகும் என்று விட்டுவிட்டேன். மூன்று மாசம். பிளக் கறுத்துக் கறுத்துப் போனது, எண்ணெய் முன்பைவிட அதிகமாகப் போனது, கடைசியில் பிஸ்டன் ரிங் பிடித்து சிலிண்டரில் கீறல் விழுந்தது. அந்தச் செலவை இங்கே எழுதினால் வீட்டில் மறுபடி சண்டை வரும்.

அந்த எண்கள் என்ன என்று அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் எண் விட்டம், அங்குலத்தில். இரண்டாவது எண் பிட்ச், ஒரு சுற்றுக்கு அது தண்ணீரைத் திருகிக்கொண்டு எத்தனை அங்குலம் முன்னே போகும் என்கிற கணக்கு. கட்டைக்குள் ஸ்க்ரூ ஏறுகிற மாதிரி நினைத்துக்கொள்ளலாம், ஆனால் தண்ணீர் கட்டை இல்லை, வழுக்கும். எஞ்சின் 5,000 சுற்று சுற்றினால் கியர் அதை ஏறக்குறைய பாதியாக்கி 2,500 சுற்றாகக் கீழே கொடுக்கும். 9 அங்குல பிட்ச் என்றால் நிமிடத்துக்கு 22,500 அங்குலம், மணிக்கு 34 கிலோமீட்டர். எங்கள் பாரம் ஏற்றிய வள்ளம் எந்தக் காலத்தில் 34 போயிருக்கிறது? அந்தக் கணக்குக்கும் நிஜ வேகத்துக்கும் நடுவில் இருப்பதுதான் வழுக்கல். பிட்சைக் கூட்டினால் காகிதத்தில் வேகம் கூடும், கடலில் எஞ்சினுக்குச் சுமை கூடும், அவ்வளவுதான். பந்தய போட்காரனுக்கு அது சரி. ஒரு மடி சாளை மீன் அள்ளிக்கொண்டு வருகிறவனுக்கு அது சரிப்படாது.

அப்படியானால் எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்து வள்ளத்துக்காரன் என்ன போட்டிருக்கிறான் என்று பார்த்து இல்லை. அவன் வள்ளம் பிளைவுட்டாக இருக்கும், உங்களுடையது ஃபைபராக இருக்கும், அவன் தூண்டிலுக்குப் போவான், நீங்கள் வலைக்குப் போவீர்கள். எஞ்சினோடு வந்த புத்தகத்தில் முழு திராட்டிலில், அதாவது கைப்பிடியை முழுசாகத் திருகினால், எத்தனை ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஓட வேண்டும் என்று போட்டிருக்கும். என் எஞ்சினுக்கு 4,500 முதல் 5,500. வேறு சில எஞ்சினுக்கு 5,000 முதல் 6,000 என்றும் இருக்கும். நீங்கள் தினமும் கொண்டுபோகிற பாரத்தை ஏற்றி, முழு திராட்டிலில் ஓட்டி அளந்தால், அந்த எல்லைக்குள், முடிந்தவரை மேல்பாதிப் பக்கமாக வர வேண்டும். அதற்குக் கீழே நின்றால் பிட்ச் அதிகம். மேலே தாண்டினால் பிட்ச் குறைவு, எஞ்சின் வெறுமனே கத்தும். ஒரு அங்குல பிட்ச் குறைத்தால் சுமார் 150 முதல் 200 ஆர்.பி.எம். கூடும்.

எனக்கு அளந்து தந்தது விழிஞ்ஞத்தில் வேலை பார்க்கிற ஒரு மெக்கானிக். தீப்பெட்டி அளவில் ஒரு மீட்டர், அதன் வயரை பிளக் வயர் மேலே நாலு சுற்று சுற்றினார், எண் தெரிந்தது. எத்தனை சுற்றுக்கு ஒரு ஸ்பார்க் என்று அதில் முதலில் சரியாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதியோ இரட்டிப்போ காட்டிவிடும், அவர் முதல் தடவை தப்பாக வைத்து எங்களைச் சிரிக்க வைத்தார். நாலு ஆள், நனைந்த வலை, நிரம்பிய கேன் எல்லாம் ஏற்றி 11 பிட்ச்சில் ஓட்டினோம்: 4,300. எல்லைக்கே வரவில்லை. இரவல் வாங்கி 9 போட்டதும் 4,700. அப்படியே 8 போட்டோம், 4,900. மூக்கு இறங்கியது, எஞ்சின் சத்தம் தொண்டையிலிருந்து வாய்க்கு வந்தது. அன்றைக்கே 8 வாங்கினேன். வெறும் வள்ளமாக ஓட்டும்போது கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் எல்லை தாண்டிவிடும். அந்த எச்சரிக்கையைச் சொல்லாமல் விடக்கூடாது.

மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம் அல்லவா, மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் குறைவு. சுமை தாங்காமல் முனகிக்கொண்டு ஓடும்போது உள்ளே தட்டல் வரும், கரி பிடிக்கும், பிஸ்டன் சூடாகும். பெட்ரோலில் ஓரளவு பொறுத்துக்கொள்கிற எஞ்சின் மண்ணெண்ணெயில் பொறுக்காது.

எண்ணெய்ச் செலவு மட்டும் என்றால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் எத்தனை வள்ளம் கவிழ்ந்திருக்கிறது, எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று உங்கள் பத்திரிகையே எழுதியிருக்கிறது. அங்கே மணல் மேடு, அலையின் போக்கு என்று ஆயிரம் காரணம், புரொப்பல்லரை மாற்றினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பின்னால் அலை எழும்பும்போது கைப்பிடியைத் திருகினால் அந்த நொடியே வள்ளம் பாய வேண்டும். 11 பிட்ச் போட்டிருந்த ஒரு சாயங்காலம், மீன் பாரத்தோடு உள்ளே வரும்போது திருகினேன், ஒன்று, ரெண்டு, மூன்று எண்ணுகிற நேரம் எஞ்சின் யோசித்தது. அதற்குள் அலை பின்பலகையைத் தாண்டி ஐஸ் பெட்டி மேலே விழுந்தது. பெட்டி மிதந்து காலில் இடித்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

நாலு பிளேடு வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பாரத்துக்கும் அலைக்கும் பிடிப்பு நன்றாக இருக்கும், அதிர்வும் குறைவு, கடைசி வேகம் கொஞ்சம் போகும். மூன்று பிளேடிலிருந்து மாறினால் பிட்சை ஒரு அங்குலம் குறைத்து வாங்குங்கள். ஸ்டீல் வேண்டாம் என்பது என் கட்சி. பளபளப்பும் பலமும் இருக்கிறது, சரி, ஆனால் பாறையில் அடித்தால் அலுமினியம் தான் வளைந்து ஷாஃப்ட்டையும் கியரையும் காப்பாற்றும். ஸ்டீல் அவ்வளவு லேசில் வளையாது. வளைந்த அலுமினியத்தைப் பட்டறையில் சுத்தியலால் தட்டி நிமிர்த்துகிறார்கள், மூன்று பிளேடும் மூன்று பிட்ச் ஆகிவிடும், அதிர்ந்து அதிர்ந்து பேரிங் போகும். ஒரு கம்பெனி எஞ்சினுடையது இன்னொன்றின் ஷாஃப்ட் பல்லுக்குச் சேராது, அதையும் பார்த்து வாங்க வேண்டும்.

புரொப்பல்லரைக் குற்றம் சொல்லும் முன்னால் இரண்டு விஷயம். எஞ்சின் கத்துகிறது, வள்ளம் நகரவில்லை என்றால் நடுவில் இருக்கிற ரப்பர் புஷ் வழுக்குகிறதா பாருங்கள். உள் குழாயிலிருந்து வெளிக்கூடு வரை ஆணியால் ஒரு நேர்கோடு கீறிவிட்டு ஓட்டுங்கள், திரும்பி வந்து பார்க்கும்போது கோடு விலகியிருந்தால் புஷ் போச்சு. அடுத்தது எஞ்சின் உயரம். புரொப்பல்லருக்கு மேலே இருக்கிற அகலத் தட்டு வள்ளத்தின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஒரு அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் காற்றை இழுத்துச் சும்மா சுற்றும். நைலான் நரம்பு புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் சுற்றிக்கொள்கிற விஷயம் எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் மாசம் ஒரு தடவையாவது நட்டைக் கழற்றி உள்ளே பார்க்கிறவர்கள் எங்கள் கரையில் எத்தனை பேர்? நரம்பு அங்கே இருக்கிற ஆயில் சீல் ரப்பரை அறுத்துவிட்டால் தண்ணீர் உள்ளே போய் கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்து வரும்.

இப்போது கேட்க வந்தது. கடைக்காரர்கள் பில்லில் "புரொப்பல்லர் 1" என்று மட்டும் எழுதித் தருகிறார்கள். விட்டம், பிட்ச் இரண்டையும் அதில் எழுத வேண்டும், 8, 9 பிட்ச் உருப்படிகளையும் வாங்கி வைக்க வேண்டும், வள்ளம் என்ன நீளம், என்ன பாரம் என்று கேட்டுவிட்டு விற்க வேண்டும். மீன்வளத்துறை மானியத்தில் எஞ்சின் கொடுக்கும்போது, கையெழுத்து வாங்கி போட்டோ எடுத்து அனுப்பிவிடாமல், ஒரு நாள் தேங்காப்பட்டணத்தில் வைத்து பாரம் ஏற்றி ஆர்.பி.எம். அளந்து, பொருந்தாததை மாற்றிக் கொடுக்கலாம். அந்த மீட்டர் பெரிய விலை இல்லை. ஒவ்வொரு கரைக்கும் ஒன்று வாங்கி மீனவர் சங்கத்தில் போட்டு வைத்தாலும் போதும், நாங்களே அளந்துகொள்வோம்.

என் பழைய 11 வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கிறது. யாரும் கேட்டு வந்தால் முதலில் அவர்கள் வள்ளத்தில் எத்தனை ஆள் ஏறுகிறார்கள் என்று கேட்கிறேன், இதுவரை யாருக்கும் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வள்ளத் தொழிலாளி,
நீரோடி, கன்னியாகுமரி மாவட்டம்.