2025-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்தக் குளிரிலும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

லண்டன் ஈஸ்ட் ஹாம் வட்டாரத்தில் இயங்கும் நம் சங்கத்தின் பொங்கல் விழாவும் சித்திரைப் புத்தாண்டு விருந்தும் வழக்கம்போல் நடந்தன. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு தடையின்றி நடந்துவருகிறது. கோடைச் சுற்றுலா, போதிய பெயர்கள் சேராததால் கைவிடப்பட்டது. செயற்குழு ஆறு முறை கூடியது.

என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட, உறுப்பினர்களின் வாடகை வீடுகள் பற்றிய விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது சங்கத்தின் வேலையே அல்ல என்று செயற்குழுவிலேயே இருவர் கருதுவதால், நடந்ததை நடந்தபடி பதிவு செய்வது என் கடமையாகிறது.

பிப்ரவரியில் ஓர் இரவு நம் உறுப்பினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வீட்டில் இருக்கும்போதெல்லாம் தனக்கும் மனைவிக்கும் தலைவலியும் குமட்டலும் வருவதாகவும், கடைத்தெருவுக்குப் போனால் சரியாகிவிடுவதாகவும் சொன்னார். கேட்டதும் எனக்குப் பகீரென்றது. வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரை நிறுத்திவிட்டு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தையோடு வெளியே வந்து கேஸ் அவசர எண்ணான 0800 111 999-ஐ அழைக்கச் சொன்னேன். நான் போய்ச் சேர்ந்தபோது பொறியாளர் கேஸ் இணைப்பைத் துண்டித்து, பயன்படுத்தக் கூடாது என்ற அபாயச் சீட்டைப் பாய்லரில் கட்டிக்கொண்டிருந்தார். பாய்லருக்கு மேலே சுவரில் கையகலத்துக்குக் கரி படிந்திருந்தது. நடையின் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் தட்டும் இரண்டு ஒயர்களும்தான் இருந்தன. பழுதான பாய்லர் கக்கும், நிறமும் மணமும் இல்லாத விஷவாயுவான கார்பன் மோனாக்சைடைக் கண்டறியும் கருவியோ அந்த வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. தொட்டிலை ஒட்டிய சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை.

1998-ஆம் ஆண்டு கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி வாடகை வீட்டுப் பாய்லரைப் பதிவு பெற்ற பொறியாளர் ஆண்டுக்கொரு முறை சோதித்து, அந்தச் சான்று குடியிருப்பவர் கைக்கு வர வேண்டும். சமையல் அடுப்பு தவிர கேஸில் எரியும் கருவி பொருத்திய ஒவ்வோர் அறையிலும் கார்பன் மோனாக்சைடு கருவி வேண்டும் என்பது 2022 அக்டோபர் முதல் சட்டம். அந்தக் குடும்பம் சான்று கேட்டு வாடகை ஏஜென்சிக்கு ஒன்பது மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தது. ஒன்பதுக்கும் ஒரே பதில்தான்: உரிமையாளருக்குத் தெரிவித்துவிட்டோம். வாடகை வசூலிப்பவரிடம் எழுத்தில் கேட்டால் 21 நாட்களுக்குள் உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் தந்தே ஆக வேண்டும் என்ற 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி முகவரியைப் பெற்று, அவருக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். ஒரு புகார்கூடத் தன்னிடம் வரவில்லை என்று அவர் சொன்னார். வீட்டைப் பராமரிப்பதாக ஏஜென்சியினர் மாதந்தோறும் அவரிடமும் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள்.

வாடகை வீடுகளுக்கு உரிமம் வேண்டும் என்பதை வட்டாரம் முழுமைக்கும் இங்கிலாந்தில் முதன்முதலாக, 2013-லேயே, கொண்டுவந்தது ஈஸ்ட் ஹாமை நிர்வகிக்கும் நம் நியூஹாம் கவுன்சில். அங்கேயே இப்படி நடக்கிறது. கவுன்சில் அதிகாரி வந்து பார்த்து, பழுதுகளைச் சரிசெய்யும்படி முறையான உத்தரவு பிறப்பித்தார். அதற்குப் பிறகு ஏஜென்சி காரணம் எதுவும் சொல்லாமல் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் பிரிவு 21 நோட்டீஸ் அனுப்பியது. அத்தகைய உத்தரவு வந்த ஆறு மாதங்களுக்கு அந்த நோட்டீஸ் செல்லாது என்று எடுத்துக்காட்டிய பிறகு பின்வாங்கினார்கள். இப்போது அந்த வீட்டில் புதிய பாய்லர் இருக்கிறது. ஏஜென்சி மீதான புகார், அது சட்டப்படி சேர்ந்திருக்க வேண்டிய குறைதீர்ப்பு அமைப்பின் விசாரணையில் இருக்கிறது.

அந்த ஏஜென்சியை நடத்துபவர் நம்மவர் என்பதும், நம் பொங்கல் மலருக்கு ஆண்டுதோறும் முழுப்பக்க விளம்பரம் தந்தவர் என்பதும் பலருக்குத் தெரியும். இந்த ஆண்டு அந்த விளம்பரத்தை நான் வாங்கவில்லை. நம் ஆளை நாமே காட்டிக்கொடுக்கலாமா என்று என்னிடம் நேரிலேயே கேட்டார்கள். அந்த வீட்டில் விஷக்காற்றைச் சுவாசித்துக்கொண்டு கிடந்தவர்களும் நம் ஆட்கள்தான். விளம்பரத்தைச் செயற்குழுவைக் கேட்காமல் நிறுத்தியது முறையல்ல என்ற விமர்சனத்தை மட்டும் ஏற்கிறேன். முடிவை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இதன்பின் சங்க நிதியில் 40 கார்பன் மோனாக்சைடு கருவிகள் வாங்கி, வாடகை வீடுகளில் வசிக்கும் உறுப்பினர்களின் வீடுகளைச் சனிக்கிழமைகளில் பார்வையிடத் திட்டமிட்டோம். உதவிக்கு வருவதாகப் பதினொரு பேர் பெயர் கொடுத்தார்கள். முதல் வாரம் நான்கு பேர் வந்தார்கள், மூன்றாம் வாரம் நானும் பொருளாளரும் மட்டுமே ஏணியைத் தூக்கிக்கொண்டு போனோம். 86 உறுப்பினர்களில் 37 பேர்தான் சந்தா செலுத்தியிருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு உதவி கேட்டு அழைத்தவர்களிலும் இரண்டாண்டுச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் போனோம், இனியும் போவோம். ஆனால் கருவிகள் சந்தாப் பணத்தில்தான் வாங்கப்படுகின்றன.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக இருக்கின்றன. விளம்பரம் குறைந்ததாலும் கருவிகள் வாங்கியதாலும் ஏற்பட்ட சிறு பற்றாக்குறை சேமிப்பிலிருந்து ஈடுகட்டப்பட்டது. விவரக் கணக்கைப் பொருளாளர் தணிக்கைக்குப் பின் சுற்றறிக்கையாக அனுப்புவார். மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், உணவு தந்தவர்களுக்கும், தமிழ் வகுப்பு ஆசிரியைகளுக்கும் நன்றி.

2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின்படி, 2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் பிரிவு 21 ஒழிகிறது. புகார் சொன்னால் வீடு போய்விடும் என்று பயந்து இதுவரை வாய்திறக்காதவர்கள் இனி வருவார்கள். அவர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத இருவரும், சனிக்கிழமை காலையில் கார் ஓட்ட ஒருவரும் தேவை. இப்பணியை என்னைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் முன்வந்தால் பொறுப்பை மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். யாரும் வராவிட்டால், ஏணி தூக்க என் முழங்கால் இன்னும் ஓராண்டு தாங்கும் என்று நம்புகிறேன்.

மீதமிருக்கும் 14 கருவிகளும் வாசல் மேசையில் இருக்கின்றன. வீட்டில் கருவி இல்லாதவர்கள், சந்தா கட்டியவரானாலும் கட்டாதவரானாலும், தேநீர் இடைவேளையில் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளவும். சந்தா ரசீதுப் புத்தகமும் அதே மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்