செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: கரைக் காப்பும் கட்டுமானப் பொருள்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வடசென்னையில் காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட கரையோரத் தெருக்களுக்காக இயங்கும் நம் குடியிருப்போர் சங்கத்தின் ஓராண்டுப் பணியை இவ்வறிக்கையின் வழியே முன்வைக்கிறேன். குடிநீர், தெருவிளக்கு, மழைநீர் வடிகால் ஆகியவை குறித்த மனுக்கள் வழக்கம்போல் மண்டல அலுவலகத்தில் அளிக்கப்பட்டுள்ளன. அவற்றின் நிலையைப் பதிவேட்டில் காணலாம். செயற்குழுவின் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது கடலரிப்புதான். சென்ற பொதுக்குழுவில் உறுப்பினர் சிலர், தூத்துக்குடியில் செய்ததைப் போல நம் தெருக்களுக்கு எதிரேயும் செயற்கைப் பாறைகளை, அதாவது அலையைத் தணிக்கவும் மீன்கள் அடையவும் உதவும் கான்கிரீட் அமைப்புகளை, கடலில் இறக்குமாறு அரசைக் கோர வேண்டும் என்று முன்மொழிந்தனர். அக்கோரிக்கையை ஆராய அமைக்கப்பட்ட துணைக்குழுவில் படகு உரிமையாளர்களும், ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவரும், கல்லூரி மாணவர்களும் இருந்தனர். அவர்கள் திரட்டிய விவரங்களே இவ்வறிக்கையின் பெரும்பகுதி.

முதலில் தூத்துக்குடியின் நிலையைச் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்றான வான்தீவு, 1969இல் ஏறத்தாழ 20 ஹெக்டேராக இருந்து, 2015 வாக்கில் 2 ஹெக்டேருக்கும் கீழே சுருங்கிவிட்டது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பவளப்பாறைகளைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்ததால், தீவுக்கு முன்னே அலையை உடைத்துவந்த இயற்கை அரண் சிதைந்ததே இதற்கு முக்கியக் காரணம். அதே வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. வான்தீவையும் இழந்துவிடாதிருக்க, சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் தமிழ்நாடு அரசுடன் சேர்ந்து, பக்கங்களில் துளைகளுடன் கூடிய சரிவக வடிவக் கான்கிரீட் அமைப்புகள் 10,600-ஐப் பல கட்டங்களாகத் தீவைச் சுற்றி இறக்கின. அலையின் விசையை அவை குறைத்தன, அவற்றின் பின்னே மணல் தங்கியது, மீன்கள் அடைந்தன, பவளக் குஞ்சுகளும் ஒட்டத் தொடங்கின.

இது பாராட்டத்தக்க பணி என்பதில் துணைக்குழுவுக்கு ஐயமில்லை. ஆயினும் நம் கரையின் நோய் வேறு. வான்தீவு இழந்தது தன் பாறையை; நாம் இழப்பது மணலை. கிழக்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காலத்தில் தெற்கு நோக்கியும் நகர்கிறது. ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டால் வடக்கே செல்வதே மிகுதி. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்ததால், தெற்கே மெரினா மணற்பரப்பு விரிந்தது, வடக்கே ராயபுரம் முதல் கரை தேய்ந்தது. பின்னர் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கருங்கல்லைக் கொட்டி, கரையிலிருந்து கடலுக்குள் நீளுமாறு அமைக்கப்பட்ட தூண்டில் வளைவுகள் என்னும் தடுப்புகள் சில இடங்களில் மணலைப் பிடித்துத் தந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் வடக்கே இருக்கும் குப்பத்தாரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். கடைசி வளைவைத் தாண்டிய கரைக்கு அரிப்பு கைமாறிப் போயிருக்கிறது.

ஆகவே எந்தப் பொருளால் கட்டலாம் என்று கேட்பதற்கு முன், வடக்கே போக வேண்டிய மணல் போகிறதா என்று கேட்க வேண்டும் என்பதே துணைக்குழுவின் முதல் முடிவு. துறைமுக வாயில்களில் தூர்வாரும் மணலை ஆழ்கடலில் கொட்டாமல், தடைக்கு வடக்கே உள்ள கரையில் சேர்ப்பதே இதற்கு நேரடி வழி. புதுச்சேரியிலும் துறைமுகச் சுவர்களால் மணற்கரை மறைந்து கற்குவியல் மட்டுமே மிஞ்சியிருந்தது. அங்கே தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஆப்பு வடிவ எஃகு அமைப்பு ஒன்றை நீருக்கடியில் நிறுவியதுடன் மணலும் இடப்பட்டது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே மீண்டும் மணற்கரை தோன்றியுள்ளது. அந்த நிறுவனத்தின் தலைமையகம் நம் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது என்பதை, வல்லுநர்களுக்கு வெளிநாடு போக வேண்டும் என்று கூட்டத்தில் சொன்ன நண்பருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நம் கடலில் பவளம் வளருமா என்று பலரும் கேட்டனர். பவளத்துக்குத் தெளிந்த நீரும் அதிகம் மாறாத உவர்ப்பும் வேண்டும். கொசஸ்தலையாறும் கூவமும் மழைக்காலத்தில் வண்டலையும் நன்னீரையும் கொண்டுவந்து கலக்கும் இக்கரையில் பவளத்திட்டை எதிர்பார்க்க இயலாது. இங்கே இறக்கப்படும் பாறையில் ஆளி, மட்டி ஆகிய சிப்பி வகைகளும், ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிரான கொட்டலசும் படியும். அவற்றை நாடி மீன் வரும். அதுவும் சிறிய பயன் அன்று. பனைமட்டையையும் மரக்கிளைகளையும் கல்லோடு கட்டி இறக்கி மீனைச் சேர்க்கும் வழக்கம் நம் மீனவர்களுக்குத் தலைமுறைகளாக உண்டு. ஆனால் மீன் சேர்வதற்கான அமைப்பும் அலையை அடக்குவதற்கான அமைப்பும் ஒன்றல்ல. அமைப்பின் மேல்மட்டம் நீர்மட்டத்துக்கு வெகு கீழே இருந்தால் அலை அதை உணராமலே கடந்துவிடும். அலையை அடக்க வேண்டுமானால் அது உயரமாகவும் அகலமாகவும் கரைக்கு அருகிலும் இருக்க வேண்டும். அப்போது படகு போகும் வழியும் வலை இழுக்கும் இடமும் கேள்விக்குள்ளாகும். மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகளைக் கலக்காமல் இதில் எந்த வரைபடமும் தயாராகக் கூடாது.

பொருள்களைப் பற்றி. பழைய டயர்களைக் கட்டி இறக்கினால் செலவில்லை என்ற யோசனை இவ்வாண்டும் வந்தது. அமெரிக்காவின் புளோரிடா கடலில் 1970களில் ஏறத்தாழ 20 இலட்சம் டயர்களை அவ்வாறே இறக்கினார்கள். கட்டுகள் அறுந்து, டயர்கள் புயலில் உருண்டு, அருகிலிருந்த உண்மையான பவளப்பாறையை நொறுக்கின. அவற்றை வெளியே எடுக்கும் வேலை பல ஆண்டுகள் நீண்டது. இந்த யோசனையை இனிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

கான்கிரீட்டிலும் கவனிக்க வேண்டியவை உள்ளன. புதிய சிமெண்ட் பரப்பின் காரத்தன்மை, pH அளவில் 12 முதல் 13 வரை இருக்கும். கடல்நீருடையது 8ஐ ஒட்டியது. அதனால் தொடக்கத்தில் உயிரினங்கள் ஒட்டத் தயங்குகின்றன. உலகின் கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) வெளியீட்டில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் வருவது. சிமெண்டின் ஒரு பகுதிக்கு மாற்றாக இரும்பாலைக் கசடையோ நிலக்கரிச் சாம்பலையோ சேர்த்தால் காரத்தன்மையும் குறைகிறது, உப்பு உள்ளிறங்குவதும் குறைகிறது. உள்ளே வைக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து விரிந்தால் கான்கிரீட் வெடிக்கும் என்பதால், கம்பியே இல்லாத வடிவங்களையோ இழைக் கம்பிகளையோ விரும்புகின்றனர். வழவழப்பான பரப்பைவிடக் குழியும் மேடுமான பரப்பே உயிர்கள் ஒட்ட ஏற்றது.

சாம்பல் என்றவுடன் எண்ணூர் உறுப்பினர்கள் கொதித்தது நியாயமே. அனல் மின்நிலையச் சாம்பல் குழாய்க் கசிவாலும் குளத்துக் கழிவாலும் கொசஸ்தலையாற்றில் படிந்ததை அவர்கள் நேரில் கண்டவர்கள். கான்கிரீட்டுக்குள் இறுகிய சாம்பலும் ஆற்றில் கொட்டிய சாம்பலும் ஒன்றல்ல என்று பொறியாளர் விளக்கினார். எனினும் அதிலிருந்து கன உலோகங்கள் கடல்நீரில் கசிகின்றனவா என்று ஆய்வகத்தில் சோதித்து, முடிவைப் பொதுவில் வைத்த பிறகே இக்கரையில் பயன்படுத்த வேண்டும் என்பது செயற்குழுவின் ஒருமனதான நிலைப்பாடு. மணல் நிரப்பிய செயற்கை நூலிழைக் குழாய்களுக்கும் இதே நிபந்தனை பொருந்தும். ஒடிசாவின் பெந்தாவில் அவை பயன்பட்டுள்ளன, ஆனால் கிழிந்தால் எஞ்சுவது பிளாஸ்டிக் என்பதால் பராமரிப்புப் பொறுப்பு யாருடையது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் உட்பகுதியில் அலை குறைவு. அங்கே கயிற்று நார் வலைகளும் ஆளி ஓட்டுப் படுகைகளும் அலையாத்தி நடவும் போதும். அவ்விடத்துக்கும் கான்கிரீட் கேட்பது வீண்செலவு என்பது என் கருத்து.

சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று கோரிக்கைகள் அடங்கிய மனுவை முன்வைக்கிறேன். தூர்வாரும் மணலைத் தடைகளுக்கு வடக்கே உள்ள கரையில் சேர்க்க வேண்டும். புதிய தூண்டில் வளைவு எதற்கும் ஒப்புதல் தருமுன் அதற்கு வடக்கே உள்ள ஊர்களின் கரைக்கு நேரும் விளைவைக் கணக்கிட்டு வெளியிட வேண்டும். நீருக்கடி அமைப்பு எதுவாயினும் அதன் பொருள் சோதனை அறிக்கையைத் தமிழில் அளிக்க வேண்டும். ஒப்புதல் கிடைத்தால், ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள மற்றச் சங்கங்களின் கையொப்பத்தையும் பெற்று, மாவட்ட ஆட்சியரிடமும் மீன்வளத் துறையிடமும் மனு நேரில் அளிக்கப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்