அப்பாவைப் பற்றிப் பேசாத பாட்டு: பார்ட் மில்லார்டுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பார்ட் மில்லார்ட் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் பாடும் அமெரிக்கக் கிறிஸ்தவ இசைக்குழுவான மெர்சிமீ பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விற்பனைக் கணக்கில்தான் தொடங்குகிறார்கள். நானும் அங்கிருந்தே வருகிறேன். அந்தக் கணக்கில் எனக்கு விளங்காத ஒன்று ரொம்ப நாளாக இருந்தது.

2003இல் உங்கள் 'வேர்ட் ஆஃப் காட் ஸ்பீக்' பாட்டு, அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் கிறிஸ்தவப் பாடல் பட்டியலில் 23 வாரம் முதலிடத்தை விட்டு இறங்கவில்லை. அதே ஆண்டு 'ஐ கேன் ஒன்லி இமாஜின்' எல்லா வகைப் பாட்டுகளும் மோதும் ஹாட் 100 பட்டியலில் 71க்கு மேல் ஏறவில்லை. ஆனால் 2014இல் 20 லட்சம் பிரதிகளைக் கடந்து, இரட்டை பிளாட்டினம் பெற்ற முதல் கிறிஸ்தவப் பாட்டு என்று பெயர் வாங்கியது அந்த 71ஆம் இடத்துப் பாட்டுதான்.

காரணம் என்று எனக்குப் படுவது இது: அந்தப் பாட்டில் உங்கள் அப்பா இல்லை.

அவர் உங்களை அடித்து வளர்த்தவர், புற்றுநோய் வந்த பிறகு மனந்திரும்பி வேறு ஆளாகிப்போனவர் என்று நீங்களே பல இடங்களில் சொல்லியிருக்கிறீர்கள். 1991இல் அவர் இறந்தபோது, இப்போது அவர் கண் எதையெல்லாம் காணுமோ, நாம் நினைத்துத்தான் பார்க்க முடியும் ('ஐ கேன் ஒன்லி இமாஜின்') என்றார் உங்கள் பாட்டி. அந்த வார்த்தையைக் கிடைத்த தாளிலெல்லாம் எழுதி வைத்தீர்கள். 1999இல் எழுத இடம் தேடிப் பழைய நோட்டைப் புரட்டியபோது அதுவே திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. பத்து நிமிஷத்தில் பாட்டு முடிந்துவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் அதில் அடி இல்லை, நோய் இல்லை, அப்பா என்ற பேச்சே இல்லை. பியானோ தனியாகத் தொடங்குகிறது. அப்புறம் பல்லவியில், பரலோகத்தில் இயேசுவைக் காணும் நாளைப் பற்றிய கேள்விகள்தான். உமக்கு முன்னால் ஆடுவேனா, அசையாமல் இருப்பேனா? நிற்பேனா, முழங்காலில் விழுவேனா? அல்லேலூயா பாடுவேனா, பேச்சாவது வருமா? ஒன்றுக்கும் நீங்கள் பதில் சொல்லவில்லை. அதனால்தான் யார் கேட்டாலும் தன் வீட்டில் இறந்துபோனவரை அங்கே கொண்டுவந்து நிறுத்த முடிகிறது. கிறிஸ்தவப் பாடகி ஏமி கிராண்ட் முதலில் இதைத் தன் குரலில் வெளியிடுவதாக இருந்தார். அவர் பாடியிருந்தாலும் பொருந்தியிருக்கும். உங்களிடமே திருப்பிக் கொடுத்தது அவருடைய பெரிய மனசு. 2003இல் டல்லாஸில், கிறிஸ்தவ வானொலியே அல்லாத ஒரு நிலையம் இதைப் போட்டதும், மறுபடி போடுங்கள் என்று நேயர்கள் விடாமல் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு உங்கள் கதை தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

2017இல் வந்த 'ஈவன் இஃப்' பாட்டையும் இப்படித்தான் செய்தீர்கள். உங்கள் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே முதல் வகைச் சர்க்கரை நோய். அந்த வேதனையில் பிறந்த பாட்டில் ஊசியும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. மலையை நகர்த்த உம்மால் முடியும், நகர்த்தாமல் போனாலும் என் நம்பிக்கை உம்மேல்தான் என்கிறது. தானியேல் புத்தகத்தில் அக்கினிச்சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேரும் ராஜாவிடம் "விடுவிக்காமற்போனாலும்" என்று சொன்ன அதே விசுவாசம். கிறிஸ்தவ வானொலியில் முக்கால்வாசிப் பாட்டுகள் மூன்றாவது நிமிஷத்தில் ஜெயித்துவிடுகின்றன. ஜெபம் கேட்கப்படாத வீட்டில் அவற்றைப் போட முடியாது. இதைப் போடலாம். இதுவும் பட்டியலில் முதலிடம் வந்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

சரி, உங்கள் கதையை வைத்து, பாட்டின் பெயரிலேயே 2018இல் வந்த படத்துக்கு வருகிறேன். நடிகர் டென்னிஸ் குவெய்ட் உங்கள் அப்பாவாக வந்தார். வெறும் 70 லட்சம் டாலரில் எடுத்த படம் 8 கோடிக்கு மேல் வசூலித்தது. அடிக்கிற அப்பனோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கதை தேவை, நீங்கள் அதை மறைக்காமல் சொன்னது நல்லது. ஆனால் படம் பார்த்த பிறகு பாட்டைக் கேட்டால் எனக்கு உங்கள் அப்பாதான் கண்முன் வருகிறார். முன்பெல்லாம் என் பெரியம்மா வருவார்கள்.

மேடையிலும் இந்தப் பாட்டுக்கு முன்னால் அவர் கதையைச் சொல்கிறீர்கள். எல்லா இடத்திலும் நிறுத்தச் சொல்லவில்லை. சில ராத்திரிகளிலாவது ஒன்றும் சொல்லாமல் நேராகப் பாட்டுக்குள் போய்விடுங்கள். உங்கள் அப்பாவைத் தெரியாதவர்களும் அந்தக் கூட்டத்தில் துக்கத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

அன்புடன்,
உங்கள் பாடல்களைக் கேட்கும் ஒருவர்